ஜிஎஃப்பி-பூஸ்டர் 647: நுண்ணோக்கி அறையிலிருந்து ஒரு மதிப்புரை

சூப்பர் ரெசல்யூஷன் படம் (சாதாரண ஒளி நுண்ணோக்கியின் எல்லையைத் தாண்டி நுணுக்கம் காட்டும் படம்) கலங்கலாக வந்தால் முதலில் லென்ஸைச் சந்தேகிக்கிறார்கள். அடுத்து லேசர், அதற்கடுத்து கேமரா. செல்லுக்குள் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஒளி தரும் பொருளின் மேல் சந்தேகம் வருவதற்குள் மாலை ஆகிவிடுகிறது. பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் நுண்ணோக்கி அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் அறைக்கு வரும் கெட்ட படங்களில் பெரும்பாலானவை கருவியில் கெட்டவை அல்ல. மாதிரி தயாரிக்கும் மேசையிலேயே கெட்டுப்போனவை. அதனால்தான் கோடிக்கணக்கில் விலை போகும் நுண்ணோக்கியை விட்டுவிட்டு, விரல் நுனி அளவுள்ள ஒரு குப்பியைப் பற்றி எழுதுகிறேன். குரோமோடெக் நிறுவனத்தின் ஜிஎஃப்பி-பூஸ்டர், அலெக்சா ஃபுளோர் 647 சாயம் ஏற்றியது.

குப்பிக்குள் இருப்பது நானோபாடி. ஒட்டகக் குடும்பத்து விலங்குகளின் ரத்தத்தில் வழக்கமான ஆன்டிபாடிகளோடு (குறிப்பிட்ட பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதங்களோடு), லேசான சங்கிலியே இல்லாத ஒரு வகை ஆன்டிபாடியும் ஓடுகிறது. பிரஸ்ஸல்ஸில் ஹாமர்ஸ் குழு 1993இல் இதை வெளியிட்டது. அந்த ஆன்டிபாடியின் பிடிக்கும் நுனியை மட்டும் வெட்டி எடுத்தால் சுமார் 15 கிலோடால்டன் எடையுள்ள ஒரு சிறு புரதம் மிஞ்சும். முழு ஆன்டிபாடியின் எடை 150 கிலோடால்டன். மியூனிக் பல்கலைக்கழகத்தில் ரோத்பவரும் லியோன்ஹார்ட்டும் அல்பாக்காவிலிருந்து எடுத்த ஒரு நுனி, ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதமான ஜிஎஃப்பியை இறுகப் பிடிப்பதை 2006இல் காட்டினார்கள். அந்த ஆய்வகத்திலிருந்து கிளைத்த நிறுவனம்தான் குரோமோடெக். இப்போது அது புரோட்டீன்டெக் குடும்பத்தில் இருக்கிறது.

ஜிஎஃப்பி ஏற்கனவே ஒளிர்கிறதே, அதன் மேல் இன்னொரு சாயம் எதற்கு? எங்கள் அறைக்குப் புதிதாக வரும் மாணவர் யாரும் இதைக் கேட்காமல் இருந்ததில்லை. சாதாரண நுண்ணோக்கியில் கேட்டால் அது நியாயமான கேள்வி. தனி மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து இடம் குறிக்கும் முறையில்தான் ஜிஎஃப்பியின் குறை தெரியவருகிறது. அந்த முறையில் மூலக்கூறு ஒரு நொடிப்பொழுது மினுக்க வேண்டும். அந்த மினுக்கலில் கேமராவுக்கு எத்தனை ஒளித்துகள்கள் வந்து சேர்கின்றனவோ, அதைப் பொறுத்துத்தான் அதன் இடத்தை நாம் துல்லியமாகச் சொல்ல முடியும். ஒளித்துகள் நான்கு மடங்கானால் பிழை பாதியாகும். அலெக்சா 647 ஒரு மினுக்கலில் சில ஆயிரம் ஒளித்துகள்கள் தரும். நிறம் மாறும் ஒளிர் புரதங்களில் சிறந்தவை எனப்படும் எம்இயாஸ் வகைகள் சில நூறு தரும். ஜிஎஃப்பியின் பரவலான மேம்பட்ட வடிவமான ஈஜிஎஃப்பியோ இந்த வேலைக்கு உகந்தபடி அணைந்து எரிவதே இல்லை.

2012இல் சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழகத்தில் யோனாஸ் ரீஸ், ஹெல்கே ஈவர்ஸ் குழுவினர் நானோபாடியையும் பிரகாசமான சாயத்தையும் முடிச்சுப் போட்டார்கள். உயிரியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்துவைத்திருக்கும் ஜிஎஃப்பி செல்களை அப்படியே எடுத்துக்கொண்டு, ஜிஎஃப்பியை ஒரு கைப்பிடியாக மட்டும் வைத்து, அதில் பிரகாசமான சாயம் ஏற்றிய நானோபாடியை மாட்டினார்கள். ஈஸ்ட்டில் மட்டும் 4,000க்கும் மேற்பட்ட புரதங்களுக்கு ஜிஎஃப்பி ஒட்டிய வரிசை 2003 முதலே இருக்கிறது. ஒரு புரதத்துக்குப் புதிதாக டேக் (அடையாளமாக ஒட்டும் வால்) போட்டு, செல் வளர்த்து, அது சரியாக நடந்துகொள்கிறதா என்று பார்க்க எத்தனை மாதம் பிடிக்கும் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அடுத்தது தூரம். இந்தக் குப்பியை நான் விரும்புவதற்கு ஒளித்துகள் கணக்கைவிட இதுதான் பெரிய காரணம். வழக்கமான முறையில் புரதத்தின் மேல் முதல் ஆன்டிபாடி, அதன் மேல் சாயம் ஏந்திய இரண்டாவது ஆன்டிபாடி என்று அடுக்குகிறோம். ஒவ்வொன்றும் பத்து நானோமீட்டருக்குக் குறையாத நீளம் உடையது. முளைக்குச்சியில் நீளக் கயிற்றால் கட்டிய ஆட்டை இருட்டில் பார்ப்பதைப் போன்றது இது. ஆட்டின் கழுத்தில் விளக்கு இருந்தாலும், தெரிவது ஆடு நிற்கும் இடமே ஒழிய முளை அடித்த இடமன்று. ட்யூப்யூலின் புரதத்தால் ஆன, 25 நானோமீட்டர் விட்டமுள்ள மைக்ரோட்யூப்யூல் குழாய் இரட்டை ஆன்டிபாடி போட்டால் 60 நானோமீட்டர் அளவுக்குப் பருத்துத் தெரிவது இதனால்தான். கருவியின் துல்லியம் 10 நானோமீட்டர் என்று விற்பனையாளர் சொல்லலாம். சாயம் புரதத்திலிருந்து 20 நானோமீட்டர் தள்ளி ஊசலாடினால் அந்தத் துல்லியத்துக்குப் பயனில்லை. நானோபாடியின் நீளம் 4 நானோமீட்டருக்குள் அடங்கும். ஜிஎஃப்பியின் பீப்பாயும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டையும் கூட்டினாலும் ஓர் ஆன்டிபாடியின் நீளத்துக்கு வராது. எங்கள் அறையிலேயே ஜிஎஃப்பி-ட்யூப்யூலின் செல்லில் பூஸ்டர் போட்டு எடுத்த படத்தையும் இரட்டை ஆன்டிபாடி போட்டு எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நுண்ணோக்கியை மாற்றிவிட்டீர்களா என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள்.

சிறிய உருவத்துக்கு இன்னொரு லாபம் உண்டு. புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடங்களில் ஆன்டிபாடி நுழைய முடியாமல் வெளியோரத்தில் மட்டும் ஒட்டி நிற்கும். படத்தில் அது வெறும் வளையமாகவோ ஓட்டை ஓட்டையாகவோ தெரியும். நடுவில் புரதமே இல்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். 20 நானோமீட்டர் அமைப்பைப் பிரித்துக்காட்ட வேண்டுமானால் 10 நானோமீட்டருக்கு ஒரு சாயமாவது வேண்டும் என்பது கணிதம் விதித்த நிபந்தனை. அடர்த்தி அதற்குக் கீழே போனால் கோடு புள்ளிகளாக உடையும். அப்புறம் அந்தப் புள்ளிகளுக்கு உயிரியல் விளக்கம் எழுதத் தொடங்குவார்கள். இது என்னை உண்மையாகவே வருத்தும் விஷயம்.

சரி, குப்பி எப்படி வேலை செய்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? "படம் அழகாக இருக்கிறது" என்பது அளவுகோல் ஆகாது. இதற்கு உலகம் முழுவதும் பயன்படும் ஓர் அருமையான அளவுகோல் இருக்கிறது. ஹைடெல்பெர்கில் ஈஎம்பிஎல் ஆய்வகத்தில் ரீஸின் குழு 2019இல் வெளியிட்ட செல் வரிசைகள் அவை. மனித எலும்புப் புற்றுச் செல்லான யூ2ஓஎஸ்ஸில் நப்96 என்ற புரதத்துக்கு மரபணுவின் சொந்த இடத்திலேயே டேக் போட்டிருக்கிறார்கள்: ஒன்றில் எம்ஈஜிஎஃப்பி (ஈஜிஎஃப்பியின் தனித்து நிற்கும் வடிவம்), ஒன்றில் ஸ்னாப், ஒன்றில் ஹேலோ (இரண்டும் சாயம் ஏற்கும் டேக்குகள்), ஒன்றில் நிறம் மாறும் ஒளிர் புரதமான எம்மேப்பிள். நப்96 உட்கருவின் வாசல்களில் இருக்கும் புரதம். ஒவ்வொரு வாசலிலும் 32 பிரதிகள், எட்டு மூலைகள், மூலைக்கு நான்கு. சுமார் 107 நானோமீட்டர் விட்டத்தில் ஒரு வளையம். இயற்கையே அச்சடித்துக் கொடுத்த அளவுகோல் இதைவிட எங்கே கிடைக்கும்!

மேலிருந்து பார்த்து எத்தனை மூலைகள் தெரிகின்றன என்று எண்ண வேண்டும். ஒரு மூலையில் நான்கு பிரதிகள் இருப்பதால் அவற்றில் ஒன்றாவது ஒளிர்ந்தால் மூலை தெரியும். பாதிப் பிரதிகளுக்குச் சாயம் போய்ச் சேர்ந்திருந்தால் எட்டில் சராசரியாக ஏழரை மூலைகள் தெரியும். முப்பது சதவீதம் என்றால் ஆறு. இருபது சதவீதம் என்றால் ஐந்துக்கும் குறைவு. வளையம் பல் கொட்டிப்போய்த் தெரியும். வாசலை எண்ணினால் சாயமிடலின் தரம் எண்ணாகக் கையில் வந்துவிடுகிறது. எம்ஈஜிஎஃப்பி நப்96 செல்லில் பூஸ்டர் போட்டு எடுத்தால், மாதிரி ஒழுங்காகத் தயாரான நாளில், பெரும்பாலான வாசல்களில் ஏழு எட்டு மூலைகள் பளிச்சென்று நிற்கின்றன. அதே செல்லில் ஜிஎஃப்பிக்கு எதிரான வழக்கமான ஆன்டிபாடி இரண்டடுக்காகப் போட்டால் மூலைகள் ஒன்றோடொன்று கரைந்து, வளையம் மாவுருண்டை போல் ஆகிவிடுகிறது. புதிய குப்பி வந்தால் முதல் வேலையாக இந்தச் செல்லில்தான் போட்டுப் பார்க்கிறேன். என்னைக் கேட்டால், சூப்பர் ரெசல்யூஷன் நுண்ணோக்கி வாங்கும் பணத்தில் ஒரு துளியை ஒதுக்கி இந்தச் செல் வரிசையையும் வாங்கிவைக்காத அறை முழுமையான அறை ஆகாது.

"மாதிரி ஒழுங்காகத் தயாரான நாளில்" என்று எழுதினேன். அங்கேதான் எல்லாம் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த நானோபாடி ஜிஎஃப்பியின் மடிந்த முப்பரிமாண வடிவத்தைப் பிடிக்கிறது. வடிவம் குலைந்தால் பிடிக்க இடமில்லை. அதனால் மெத்தனாலில் நிலைப்படுத்திய (உயிர் போக்கி, அமைப்பை அப்படியே நிறுத்திவைத்த) செல்லுக்கு இது உகந்ததன்று, பாரஃபார்மால்டிஹைடு நல்லது. குளூட்டரால்டிஹைடு செல்லின் உள்கட்டமைப்பை நன்றாகக் காப்பாற்றும், ஆனால் பின்னணி ஒளிர்வைக் கூட்டிவிடும். சோடியம் போரோஹைட்ரைடு போட்டுத் தணிக்க வேண்டியிருக்கும். நாங்கள் புதிதாகக் கரைத்த 4 சதவீதப் பாரஃபார்மால்டிஹைடில் கால் மணி நேரம் வைக்கிறோம். பிறகு டிரைட்டான் கொண்டு சவ்வில் வழி திறந்து, அல்புமின் போட்டுத் தேவையற்ற ஒட்டலைத் தடுத்து, அதன் பிறகே நானோபாடி. ஒரு மணி நேரம் போதும். இரவு முழுக்க ஊறவைக்கும் பழைய ஆன்டிபாடி வழக்கத்தை இங்கே கொண்டுவரத் தேவையில்லை. கழுவி முடித்ததும் இன்னொரு முறை இலேசாக நிலைப்படுத்தினால் நல்லது. நானோபாடிக்கு ஒரே ஒரு பிடிதான்; முழு ஆன்டிபாடிக்கு இரண்டு. பிடி வலுவானதுதான் என்றாலும் நீண்ட படப்பிடிப்பில் ஒன்றிரண்டு கழன்று மிதப்பதை இது தடுக்கிறது.

பின்னணியைக் கவனிக்க வேண்டும். அலெக்சா 647 மின்னேற்றம் மிகுந்த சாயம். உட்கருவிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் அதற்கு உண்டு. ஜிஎஃப்பி இல்லாத அதே வகைச் செல்லை அதே கவர்ஸ்லிப்பில் கலந்து வளர்த்து, அதில் எத்தனை மினுக்கல்கள் விழுகின்றன என்று பார்ப்பதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறேன். இந்தத் தயாரிப்பின் மிகப் பெரிய வசதியும் இங்கே கைகொடுக்கிறது: ஜிஎஃப்பியின் பச்சை அப்படியே மிச்சம் இருக்கிறது. பச்சையில் செல்லைத் தேடிப் பிடித்து, குவியம் வைத்து, சிவப்பில் பதிவு செய்யலாம். பச்சை இல்லாத இடத்தில் சிவப்பு இருந்தால் அது பொய். பச்சை இருந்து சிவப்பு இல்லை என்றால் நானோபாடி உள்ளே போகவில்லை. வேறெந்தச் சாயமிடும் முறையிலும் இவ்வளவு எளிய உள்பரிசோதனை கிடையாது.

படம் எடுக்கும்போது மாதிரி மூழ்கியிருக்கும், மினுக்கவைக்கும் கரைசலான பஃபரைப் பற்றி ஒரு வார்த்தை. குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ், குளுக்கோஸ், கூடவே சிஸ்டியமீன். இந்தக் கலவை ஆக்சிஜனைத் தின்னும்போது அமிலமும் உண்டாகிறது. நேரம் ஆக ஆக மினுக்கல் மந்தமாகும். காற்றுப் புகாமல் மூடி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதில் குப்பியின் குறை ஏதும் இல்லை. ஆனால் முதல் மாதிரி அற்புதமாக வந்து மூன்றாவது மாதிரி சொதப்பும்போது பழி குப்பியின் மேல்தான் விழுகிறது.

இப்போது இதனால் முடியாதவை.

உயிருள்ள செல்லில் முடியாது. வெளியிலிருந்து போடும் நானோபாடி சவ்வைத் தாண்டாது. செல்லை நிலைப்படுத்தித் திறந்த பிறகே உள்ளே போகும். செல் நகர்வதைப் பார்க்க வேண்டியவர்கள் ஹேலோடேக் பக்கம் போங்கள். அதில் அமெரிக்காவின் ஜனேலியா வளாகத்தில் லூக் லாவிஸ் குழு உருவாக்கிய ஜனேலியா ஃபுளோர் சாயங்களை ஏற்றலாம். சவ்வை எளிதாகக் கடந்து, புரதத்தில் ஒட்டிய பிறகே நன்றாக ஒளிரும் வகை அதில் இருக்கிறது. 2015இல் வெளிவந்த அந்தச் சாயங்கள் உயிர்ச் செல் வேலையைப் புரட்டிப்போட்டன என்றே சொல்வேன். ஹேலோடேக் 33 கிலோடால்டன், ஜிஎஃப்பி 27. உருவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்றைக்குப் புதிதாக ஒரு புரதத்துக்கு டேக் போடப் போகிறீர்கள், சூப்பர் ரெசல்யூஷன்தான் நோக்கம் என்றால், நானே ஜிஎஃப்பியைப் பரிந்துரைக்க மாட்டேன். ஹேலோ போடுங்கள்; நிலைப்படுத்திய செல் போதுமென்றால் 2019இல் வந்த ஆல்ஃபா டேக் போடுங்கள். பதினைந்து அமினோ அமிலங்கள்கூட இல்லாத சின்னஞ்சிறு வால் அது; அதற்கென்றே உள்ள நானோபாடி அதை மிக இறுகப் பிடிக்கிறது. பூஸ்டர், கையில் ஏற்கனவே ஜிஎஃப்பி செல் வைத்திருப்பவர்களுக்கானது. இந்தியாவில் பெரும்பாலான ஆய்வகங்கள் அந்த நிலையில்தான் இருக்கின்றன.

எல்லாப் பச்சைப் புரதங்களையும் இது பிடிக்காது. வாங்குவதற்கு முன் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஈஜிஎஃப்பி, வீனஸ், சிட்ரின் போல ஏக்வோரியா ஜெல்லி மீனின் வம்சத்தில் வந்தவற்றைப் பிடிக்கும். எம்நியான்கிரீன் ஆம்ஃபியாக்சஸ் என்ற வேறொரு கடல்வாழ் உயிரியிலிருந்து வந்தது, அதைத் தொடாது. ஜப்பானில் மியாவாகி குழு 2022இல் வெளியிட்ட, ஒளி பாய்ச்சினாலும் எளிதில் மங்காத ஸ்டேகோல்டும் வேறு ஜெல்லி மீனின் வம்சம், அதையும் தொடாது. சியாட்டில் ஆலன் நிறுவனத்தின் ஸ்டெம் செல் வரிசைகள் பெரும்பாலும் எம்ஈஜிஎஃப்பி என்பதால் அவற்றில் நன்றாக வேலை செய்யும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களுக்கு டேக் போட்டு வெளியான ஓப்பன்செல் தொகுப்போ எம்நியான்கிரீனில் கட்டப்பட்டது. "பச்சையாகத்தானே இருக்கிறது" என்று வாங்கினால் ஒரு குப்பி வீண்.

செல்லில் புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியாவதையும் இது திருத்தாது. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும். ஒரு நாள் ஒரு மாணவி, தூத்துக்குடிக்காரி, முகம் மலர வந்து நின்றாள்.

"அக்கா, என் புரதம் சவ்வில் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருக்கிறது. பூஸ்டர் போட்டதும் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது பாருங்கள்."

"டேக் எங்கே போட்டாய், அம்மா? புரதம் செல்லில் இயல்பாக இருக்கும் அளவில்தான் இருக்கிறதா?"

"பிளாஸ்மிட்தான், அக்கா. சிஎம்வி புரோமோட்டர்."

பிளாஸ்மிட் என்பது வெளியிலிருந்து செல்லுக்குள் போடும் டிஎன்ஏ வளையம்; அதில் மரபணுவை முடுக்கும் விசையான சிஎம்வி புரோமோட்டர் புரதத்தைக் கொட்டித் தள்ளும். இயல்பைவிடப் பன்மடங்கு புரதத்தைச் செல்லுக்குள் திணித்தால் அது கூட்டம் சேரத்தான் செய்யும். துல்லியமான சாயம், இல்லாத ஒன்றைத் துல்லியமாகக் காட்டும். வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் எம்ஆர்இபி புரதம் சுருள் வடிவில் செல்லைச் சுற்றி ஓடுகிறது என்று ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தினார்கள். 2012இல் கால்டெக்கில் ஸ்வூலியஸும் ஜென்சனும் உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்தச் சுருளை உண்டாக்கியது புரதத்தின் முனையில் ஒட்டிய ஒளிர் டேக்தான் என்று தெரிந்தது. அதே 2012இல் பாக்டீரியாவின் கிளிப்பி புரதம் ஒரே புள்ளியில் குவிவதாக நம்பப்பட்டதும் டேக் செய்த வேலை என்று வேறொரு குழு காட்டியது. கிளிப்பி விஷயத்தில் ஒளிர் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்பே காரணம். அதனால்தான் தனித்து நிற்கும், எம் என்ற எழுத்து முன்னால் சேர்ந்த மானோமர் வடிவங்களையே கேட்கிறேன். ஈஜிஎஃப்பி என்றால் எம்ஈஜிஎஃப்பி. ஸ்டேகோல்டிலும் முதலில் வந்தது இரட்டையாகச் சேர்வது; தனி வடிவம் பின்னால்தான் வந்தது.

அந்த மாணவி கிரிஸ்பர் என்ற மரபணு திருத்தும் முறையில் மரபணுவின் சொந்த இடத்திலேயே எம்ஈஜிஎஃப்பியைப் பொருத்தினாள். மாதங்கள் பிடித்தன. கொத்துகளில் பெரும்பகுதி மறைந்தது. சில மிச்சம் நின்றன. அந்தச் சிலவற்றைப் பற்றித்தான் இப்போது அவள் ஆய்வு செய்கிறாள். புரதம் குறைந்தபோது பச்சை மங்கிவிட்டது, பூஸ்டர் இல்லாமல் அதைப் பார்த்திருக்கவே முடியாது. இயல்பான அளவில் இருக்கும் மங்கலான புரதத்தைப் பார்க்கவைப்பதுதான் இந்தக் குப்பியின் உண்மையான பயன் என்று நான் கருதுவதற்கு அவளுடைய செல்லும் ஒரு காரணம்.

எண்ணிக்கைக்கு இதை நம்பலாமா என்று கேட்கிறார்கள். இந்தக் கொத்தில் எத்தனை புரதங்கள் என்ற கேள்வி. கவனமாக இருங்கள் என்பேன். ஒரே சாய மூலக்கூறு பல முறை மினுக்கும். ஒன்று நான்காகக் கணக்கில் ஏறும். நானோபாடியில் எத்தனை சாயங்கள் ஏறியிருக்கின்றன என்பதும் முக்கியம். புரதத்தின் மேற்பரப்பில் கண்ட இடத்தில் சாயத்தை ஒட்டும் பழைய முறையில் ஒன்று, இரண்டு, சில சமயம் பூஜ்யம் என்று பரவலாக இருக்கும். பிடிக்கும் முகத்திலேயே சாயம் உட்கார்ந்தால் நானோபாடி பயனற்றுப்போகும். குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சாயத்தைப் பொருத்தும் வழியை கோட்டிங்கனில் பிளைனரும் கோர்லிஹும் 2015இல் தெளிவாகக் காட்டினார்கள். எண்ண வேண்டியவர்கள் அப்படித் தயாரானதை, முடிந்தால் ஒற்றைச் சாயம் ஏற்றியதை வாங்குங்கள். கோட்டிங்கனைச் சேர்ந்த நானோடேக் நிறுவனத்தில் இந்த வசதி இருக்கிறது: ஃபுளோடேக்-கியூ ஒற்றைச் சாயம், எண்ணிக்கைக்கு, ஃபுளோடேக்-எக்ஸ்4 ஜிஎஃப்பியின் இரண்டு வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும் இரண்டு நானோபாடிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சாயங்கள், பிரகாசத்துக்கு. ஸ்டெட் (லேசரால் ஒளிரும் புள்ளியைச் சுருக்கிப் பார்க்கும் வகை) நுண்ணோக்கி வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்4ஐத்தான் சொல்வேன். அங்கே மினுக்கல் தேவையில்லை. பிரகாசமும் மங்காத தன்மையுமே வேண்டும். அலெக்சா 647ஐ விட ஸ்டெட்டுக்கென்று உள்ள சாயங்களில் கேட்டு வாங்குங்கள். மினுக்கலை வைத்து இடம் குறிக்கும் ஸ்டார்ம் முறைக்கு இரண்டு நிறுவனத் தயாரிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் மூலைகளின் எண்ணிக்கையில் நான் பெரிய வேறுபாடு காணவில்லை.

எம்இயாஸ் வகையை விட்டுவிடலாமா? விட வேண்டாம். புரதத்தோடு சேர்ந்தே பிறப்பதால் கழுவல், ஊடுருவல் எதுவும் இல்லை. உயிருள்ள செல்லில் ஒரு புரதம் ஓடும் பாதையைத் தொடர எம்இயாஸ்3.2 இன்றும் நல்லது. பாக்டீரியாவுக்கும் அதையே சொல்வேன். அதன் கனத்த உறையைத் திறந்து நானோபாடியை உள்ளே அனுப்புவது பெரும்பாடு. ஆனால் இயாஸ் மூலக்கூறுகளில் ஒரு பங்கு நிறம் மாறாமலே போய்விடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். மரபணுவில் நூற்றுக்கு நூறு ஒட்டியிருந்தாலும் படத்தில் நூறும் தெரியாது.

விலையும் வரவும். சிறிய அளவில் வாங்கினால் ஒரு மாதிரிக்கு ஆகும் செலவு வழக்கமான ஆன்டிபாடியைவிடக் கூடுதல். ஆனால் 1:500 அளவுக்கு நீர்த்துப் பயன்படுத்தலாம். கவர்ஸ்லிப்பை பாராஃபில்ம் மேல் கவிழ்த்துச் சில பத்து மைக்ரோலிட்டரில் முடித்துக்கொண்டால் குப்பி நெடுநாள் வருகிறது. இரண்டாவது ஆன்டிபாடி வாங்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஜெர்மனியிலிருந்து வருவதால் இங்கே வந்து சேர வாரங்கள் ஆகும். ஒருமுறை பார்சல் வழியில் தேங்கி, பெட்டிக்குள் பனிக்கட்டி முழுவதும் தண்ணீராகி வந்தது. கொண்டுவந்தவர்கள் பொறுப்பேற்க மறுத்துவிட்டார்கள். நானோபாடி உறுதியான புரதம் என்பதால் தூக்கிப் போடாமல் நப்96 செல்லில் போட்டுப் பார்த்தேன். பழைய குப்பிக்கும் அதற்கும் மூலைகளின் கணக்கில் வேறுபாடு இல்லை. ஆன்டிபாடியாக இருந்திருந்தால் இவ்வளவு நிம்மதியாக இருந்திருக்க மாட்டேன். வந்தவுடன் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, வெளிச்சம் படாமல், தாளில் சொன்ன வெப்பநிலையில் வையுங்கள். பயன்படுத்துவதற்கு முன் ஒரு சுழற்சி சுழற்றித் திரண்டதை அடியில் இறக்கிவிட்டு மேலே இருப்பதை எடுங்கள். பின்னணிப் புள்ளிகளில் ஒரு பகுதி இதிலேயே போய்விடும்.

செர்ரி நிறப் புரதம் வைத்திருப்பவர்கள் இதை வாங்காதீர்கள். எம்செர்ரி வகையின் வம்சமே வேறு, அதற்கு ஆர்எஃப்பி-பூஸ்டர் என்று தனியாக இருக்கிறது. ஜிஎஃப்பி ஒன்றிலும் செர்ரி இன்னொன்றிலும் உள்ள செல்லில் இரண்டையும் சேர்த்து ஒரே மணி நேரத்தில் போட்டு இரு நிறப் படம் எடுக்க முடிகிறது. முயல், எலி, ஆடு என்று எந்த விலங்கின் ஆன்டிபாடியோடும் குறுக்கே மோதாது என்பதால் மூன்றாவது புரதத்துக்கு வழக்கமான ஆன்டிபாடியும் சேர்த்துக்கொள்ளலாம்.

தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு; எந்த நிறுவனம் விற்றாலும் இது பொருந்தும். ஒவ்வொரு தொகுதிக் குப்பியோடும் ஒரு புரதத்துக்குச் சராசரியாக எத்தனை சாயங்கள் ஏறியிருக்கின்றன என்ற எண்ணையும், அந்தத் தொகுதியை நப்96 செல்லில் போட்டபோது எட்டில் எத்தனை மூலைகள் தெரிந்தன என்ற எண்ணையும் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். எங்களைப் போன்ற அறைகள் ஒவ்வொரு முறையும் செல் வளர்த்துச் செய்யும் சோதனை அது. உங்களிடம் அதற்கான செல்லும் கருவியும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்த இரண்டு எண்களும் தாளில் இருந்தால், விலையில் கொஞ்சம் கூடினாலும் அந்தக் குப்பியைத்தான் எங்கள் அறைக்கு வாங்குவேன்.